கிளைட் மடத்தின் குளூட்டன் குறைந்த அப்பம்: பொருள் நல்லது, கவனம் சக்ரீஸ்தில் (கோவிலில் திருப்பலிக்கு ஆயத்தம் செய்யும் அறையில்) வேண்டும்

சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை ஆகாது; அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் அவர்கள் குடலைக் கெடுக்கும். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணையாக உட்கொள்ளும் அப்பமோ கோதுமையில் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 924. இந்த இக்கட்டுக்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கிளைட் என்ற சிற்றூரில் வாழும் பெனடிக்ட் சபைக் கன்னியர். நற்கருணை ஆராதனையும் திருப்புகழ்மாலையும்தான் அவர்களுடைய நாள், நடுவே கைவேலை. 1910 முதல் அப்பம் சுடுகிறார்கள்.

குளூட்டன் குறைந்த அப்பத்துக்காக அங்கே இரண்டு சகோதரிகள் ஏறக்குறைய பத்தாண்டு பாடுபட்டார்கள். வழக்கமான அப்பத்துக்கு மாவும் தண்ணீரும் போதும். கரைத்ததைச் சூடான இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தினால் மெல்லிய தகடாக வரும். லேசாக ஈரப்பதம் ஏற்றி, ஓரம் உதிராமல் வில்லை வில்லையாக வெட்டலாம். தகட்டைச் சேர்த்துப் பிடித்திருப்பது குளூட்டன்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற ஸ்டார்ச் கஞ்சிப்பசை மாதிரி இழுபடும், தட்டில் ஒட்டும், பெயர்த்தால் கிழியும். பிடிமானத்துக்கு வேறெதையும் சேர்க்கவும் அனுமதி இல்லை. கோதுமை ஸ்டார்ச், தண்ணீர் இரண்டையும் மட்டும் வைத்து அவர்கள் இதைச் சாதித்தது பெரிய காரியம். அப்பம் மொறுமொறுப்பாக இருக்கும், சட்டென்று நொறுங்கும். பக்குவமாகக் கையாள வேண்டும்.

குளூட்டன் அளவு 0.01 சதவீதம். அதாவது ஒரு கிராமுக்கு 0.1 மில்லிகிராம், ஓர் அப்பம் ஒரு கிராம்கூட இராது. ஆனால் இது பத்து லட்சத்தில் 100 பங்கு. அமெரிக்காவில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வரம்பு 20 பங்குதான். எனவே டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். அரிசியில் செய்த, குளூட்டன் அறவே இல்லாத வில்லைகளை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். அவை திருப்பலிக்குச் செல்லாது என்று 2003இல், வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத் தலைவராக இருந்த கர்தினால் ராட்சிங்கர் எழுதிய கடிதம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த அப்பம் வீணாவது பெரும்பாலும் பங்குக் கோவிலில்தான். வழக்கமான அப்பம் இருக்கும் தட்டிலேயே ஓரமாக வைத்துவிடுவார்கள்; அதன் துகள் ஒட்டினாலே காரியம் கெட்டது. மூடியுள்ள தனிச் சிமிழ் வேண்டும். அதில் பெயர் எழுதி ஒட்டி, திருப்பலிக்கு முன்பே, வேறு அப்பத்தைத் தொடாத கையால் நிரப்ப வேண்டும். நற்கருணை வழங்கும் குருவின் விரலிலும் துகள் இருக்கும். ஆகவே சிமிழை மூடியபடியே நீட்டி, பெறுபவரே திறந்து எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

திரு இரத்தம், அதாவது அர்ச்சித்த திராட்சை இரசம், அருந்துபவர் என்றால் தனிக் கிண்ணம் கட்டாயம். அப்பம் பிட்கும்போது ஒரு சிறு துண்டைக் குருவானவர் தம் கிண்ணத்தில் இடுகிறார். அதனால் அந்தக் கிண்ணத்து இரசத்திலும் குளூட்டன் கலந்துவிடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மிஞ்சிய குளூட்டன் குறைந்த அப்பத்தை நற்கருணைப் பேழையில் வைக்கும்போதும் அதே சிமிழிலேயே இருக்கட்டும். பொதுப் பாத்திரத்தில் கொட்டிவிட்டால் அடுத்த ஞாயிறு அது சீலியாக் உள்ளவருக்கு ஆகாது.