போனா, கிண்டிலா, டேப்லட்டா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து அம்மா பைண்டு செய்து வைத்திருந்ததெல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. எல்லாம் ஊறி உப்பிவிட்டது. பக்கத்தைப் பிரித்தால் கையோடு வந்தது.

மூன்று நாள் கரண்ட் இல்லை. போன் முதல் நாள் ராத்திரியே அணைந்துவிட்டது. மாடி வீட்டில் ஒண்டியிருந்தபோது நான் படித்தது அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில்தான். அதன் மின்மைத் (இ-இங்க்) திரையில் பக்கம் மாறும்போது மட்டும்தான் எழுத்துக்கு மின்சாரம் செலவாகும். மாறிய பக்கம் சும்மாவே நிற்கும். அதனால்தான் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வருகிறது. மொட்டை மாடி வெயிலிலும் எழுத்து காகிதத்தில் அச்சடித்தது போலத் தெரியும். நாவல் படிக்க எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் அதில் வாங்குகிற நூல் முழுக்க நம்முடையது இல்லை. 2009-இல் உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய சில நூல்களை அமேசான் அவர்களுடைய கருவியிலிருந்தே அழித்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைக்கும் வசதியையும் எடுத்துவிட்டது. புத்தகத்தைத் தண்ணீரில் பறிகொடுத்த வீட்டில் இருந்துகொண்டு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

போன் எப்போதும் கையில் இருக்கிறது, அது பெரிய வசதி. கும்மிடிப்பூண்டி வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி ஈபப் என்கிற மின்னூல் கோப்பைப் படிக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கி வரும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அப்படி இல்லை. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். வலப்பக்கம் தள்ளிப் படித்துவிட்டு இடப்பக்கம் வந்தால் எந்த வரியில் விட்டோம் என்று தெரியாது. கருவி வாங்கும் முன் விலையைவிட இதைத்தான் யோசிக்க வேண்டும்: நீங்கள் படிக்கப்போவது மடங்கும் எழுத்தா, ஸ்கேன் படமா? தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் எழுத்தாகவே இருக்கின்றன, போனே போதும். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தின் பழைய நூல்கள் பெரும்பாலும் ஸ்கேன்.

இதழ்களும் அப்படித்தான். இரண்டு மூன்று பத்தி, நடுவில் ஓவியம். என் கிண்டிலின் சின்னக் கறுப்பு வெள்ளைத் திரையில் அது எடுபடாது. பத்து இன்ச் டேப்லட்தான் சரி. கண் சீக்கிரம் களைக்கும், தினமும் சார்ஜ் போட வேண்டும். இருந்தாலும் பழைய இதழை அதன் முகத்தோடு பார்க்க முடிகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் தும்பிக்கை போல வளைவு வைத்த ‘லை’, ‘னை’ எல்லாம் அப்படியே இருக்கும். மறுபடி தட்டச்சு செய்த பதிப்பில் அது கிடைக்காது.

அம்மாவுக்கு டேப்லட்தான் வாங்கிக் கொடுத்தேன். ஓவியத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்க்கிறார், அப்புறம்தான் கதைக்குப் போகிறார். கிண்டிலை இதுவரை கேட்டதில்லை.