காய்ச்சல் வலிப்புக்கு ஐவிஐஜி ஏற்றச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன்

குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வருகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றும் விடுகிறது. பயந்துபோன பெற்றோரிடம் ‘இம்யூனிட்டி பேனல்’ என்ற இரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார்கள். “ஐஜிஏ குறைவு, வலிப்புக்கு இதுதான் காரணம், ஐவிஐஜி ஏற்ற வேண்டும்” என்கிறார்கள். ஐஜிஏ என்பது இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களில் (ஆன்டிபாடி) ஒன்று. ஐவிஐஜி என்பது கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து எடுத்து நரம்பு வழியே ஏற்றும் ஆன்டிபாடி மருந்து. இப்படி ஏமாறும் குடும்பங்கள் உண்டு.

ஏமாற்று வேலை, ‘இயல்பான அளவு’ என்று போட்டிருக்கும் ரிப்போர்ட்டின் கடைசி நெடுவரிசையில் இருக்கிறது. அங்கே அச்சாகியிருக்கும் 70–400 மி.கி./டெ.லி. பெரியவர்களுக்கான அளவு. ஒன்றரை வயதில் ஐஜிஏ 35 என்பது இயல்பு. வயதுக்கேற்ற அளவோடு ரிப்போர்ட் கேளுங்கள். 4 வயது நிறைவதற்குள் ஐஜிஏ குறைபாடு என்று முடிவு கட்டவே கூடாது. அதன் பிறகும் 7-க்குக் கீழே இருந்து, மற்ற ஆன்டிபாடிகளான ஐஜிஜியும் ஐஜிஎம்மும் சரியாக இருந்தால்தான் அந்தப் பெயர்.

குறைபாடு உண்மை என்றே வையுங்கள். ஐவிஐஜி பாட்டிலில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் ஐஜிஜி. அது ஐஜிஏவை நிரப்பாது. ஐஜிஏ அறவே இல்லாத சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் வரலாம்.

வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தே ஐஜிஏவைக் குறைக்கலாம். ஃபெனிடாயினும், இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமசெபினும், உடல் தன்னையே தாக்கும் நோய்களுக்குச் செய்யும் ஏஎன்ஏ பரிசோதனையைப் பாசிட்டிவாகக் காட்டவும் செய்யலாம். மருந்தின் விளைவைப் புதிய நோயாகக் காட்டினால் நம்ப வேண்டாம்.

ஐவிஐஜிக்குப் பின் தலைவலி, வாந்தி, சிலருக்குக் கிருமியில்லாத மூளையுறை அழற்சி வரலாம். பலரும் சொல்லாமல் விடுவது தடுப்பூசி விஷயம்: கிலோவுக்கு 2 கிராம் ஏற்றியிருந்தால் தட்டம்மைத் தடுப்பூசியை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் தேதியையும் அளவையும் தடுப்பூசி அட்டையில் இன்றே எழுதுங்கள்.

6 மாதம் முதல் 5 வயதுக்குள், உடல் முழுவதும், 15 நிமிடத்துக்குள், 24 மணி நேரத்தில் ஒரே முறை வந்த வலிப்பு என்றால், குழந்தை தெளிந்து வழக்கம்போல் இருக்கும்போது, தேட வேண்டியது காய்ச்சலின் காரணத்தை. ஆன்டிபாடி பரிசோதனை வேண்டாம்.

அது தேவைப்படும் நிலை வேறு. சில நாட்களிலோ வாரங்களிலோ நடத்தை மாறி, பேச்சு குறைந்து, தூக்கம் கெட்டு, வாயும் கையும் தானாக அசைந்து, வலிப்பும் அடங்காவிட்டால் தாமதிக்கக் கூடாது. அப்போது, மூளையைத் தாக்கும் என்எம்டிஏ ஏற்பி ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க, இரத்தத்தோடு முதுகுத்தண்டு நீரும் எடுக்க வேண்டும். இரத்தம் மட்டும் போதாது. இரண்டையும் ஐவிஐஜிக்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். ஏற்றிய பின் எடுத்தால், கொடையாளர்களின் ஆன்டிபாடியும் கலந்து முடிவைக் குழப்பிவிடும்.