மூன்று மாதமாக ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறேன்

கும்பகோணத்துப் பாத்திரக் கடை ஒன்றில் மூன்று மாதத்துக்கு முன் ஓர் ஈயச் சொம்பு, அதாவது வெள்ளீயத்தில் (tin) செய்த ரசப் பாத்திரம், வாங்கினேன். ஒரு லிட்டர் பிடிக்கும். எடை 620 கிராம், விலை 3,400 ரூபாய். அன்றிலிருந்து வாரத்தில் ஐந்து நாளாவது எங்கள் வீட்டு ரசம் அதில்தான். அக்கம்பக்கத்தில் நான்கு பேர் விசாரித்துவிட்டார்கள். வாங்கலாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் அது எந்த அடுப்புக்காகச் செய்யப்பட்ட பாத்திரம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். தெரியாமல் வாங்கியவர்கள் வீட்டில் அது ஒரு மாதம்கூடத் தங்காது.

நான் பிறந்தது மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் சமையலறைதான் வரும். சாணம் மெழுகிய தரை, புகையில் கறுத்த உத்தரம், சுவரோரம் மண்ணால் கட்டிய அடுப்பு. அதன் பக்கவாட்டில் கொடியடுப்பு. அதற்குத் தனியாக விறகு வைப்பதில்லை. பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போது மிஞ்சுகிற சூடு உள்வழியாக அங்கே போகும். பாட்டியின் ஈயச் சொம்புக்கு இடம் அந்தக் கொடியடுப்பு மட்டுமே. பெரிய அடுப்பின் மேல் அது ஏறி நான் பார்த்ததே இல்லை.

புளிக்கரைசலில் தக்காளியைப் பிசைந்து, உப்பு, மஞ்சள்பொடி, பெருங்காயம் போட்டுக் கொடியடுப்பில் வைத்துவிடுவாள். சோறு வடிக்கும் நேரத்துக்குப் பச்சை வாசனை போயிருக்கும். ரசப்பொடி போட்டு, பருப்புத் தண்ணீர் விட்ட பிறகுதான் அவள் சொம்பைப் பார்த்துக்கொண்டே உட்காருவாள். விளிம்பை ஒட்டி மஞ்சள் நுரை வளையமாகக் கூடும். வளையம் தடித்து மெல்ல நடுவை நோக்கி நகரும். நடுவில் ஓர் எட்டணா அளவு தெளிவு மிஞ்சியிருக்கும்போதே துணியால் கழுத்தைப் பிடித்து இறக்கிவிடுவாள். கொதித்த ரசம் அவளுக்கு ரசமே இல்லை. நெய்யில் கடுகும் சீரகமும் பொரிவது தனியே, இரும்புக் கரண்டியில்.

வருடத்தில் ஒருமுறை ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். புங்கமரத்தடியில் குழி வெட்டிக் கரியைப் போட்டு, தோல் துருத்தியால் ஊதுவார். பித்தளை அண்டாவைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவினால் வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும்பி மூக்கை அரிக்கும். ஈயக் குச்சியை ஒரு தடவை தொட்டு, பஞ்சால் ஒரே இழுப்பு. மஞ்சள் பாத்திரத்தின் உள்பக்கம் கண்ணெதிரே வெள்ளியாகிவிடும். பித்தளையில் நேராகப் புளி பட்டால் களிம்பேறும் என்பதற்காக அந்தப் பூச்சு. எனக்கு வேதியியலின் மேல் வந்த ஆசை அந்தப் புங்கமரத்தடியில்தான் வந்தது. பிற்பாடு அதையே படித்து, பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன்.

1984இல் கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு ஓர் ஈயச் சொம்பும் வந்தது. மாமியார் வீட்டில் கேஸ் அடுப்பு. மூன்றாவது வாரம், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், வெறும் சொம்பை அடுப்பில் வைத்துப் பற்றவைத்துவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினேன். பொத்தென்று ஒரு சத்தம். அடி கழன்று, பர்னரைச் சுற்றிப் பாதரசம் போல உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. அழுதுவிட்டேன். மாமியார் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். "பாத்திரம் கிடக்கட்டும், கையில் தெறித்ததா பாரம்மா" என்றார். ஆறிய பிறகு அந்த வெள்ளைக் கட்டியைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். இன்றும் அது என் மேசையில் இருக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அந்தக் கட்டியைக் கைமாற்றிக் காட்டியிருக்கிறேன். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெறும் பாத்திரத்துக்கு அந்தக் காவல் இல்லை.

அதற்குப் பிறகு இத்தனை வருடமும் எவர்சில்வர்தான். காலையில் ஏழரை மணிக்குள் இரண்டு டிபன் டப்பா கட்ட வேண்டிய வீட்டில் ஈயச் சொம்பு வைத்துக்கொள்ள முடியாது. ஓய்வு பெற்ற பிறகு, பாட்டி உட்கார்ந்தது போல அடுப்பின் முன் உட்கார எனக்கும் நேரம் வந்தது.

முதலில் வாங்கியது கும்பகோணத்தில் அல்ல, வேறோர் ஊரில். கடையின் பெயர் வேண்டாம். 700 கிராம் இருந்தது. கையில் எடுத்தபோதே அந்த அளவுக்குக் கனம் அதிகம் என்று பட்டது. வீட்டுக்கு வந்து அடியை வெள்ளைத் தாளில் தேய்த்தேன். பென்சில் போலக் கருங்கோடு விழுந்தது. என் பழைய கட்டியைத் தேய்த்தால் மங்கலாக ஒரு சாயல், அவ்வளவுதான். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பிச் சொம்பை முழுக்க அமிழ்த்தினேன். வழிந்த தண்ணீர் 82 மில்லி. 700ஐ 82ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.5. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. காரீயத்தினுடையது (lead) 11.3. திருச்சியில் ஓர் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். காரீயம் கலந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

பணம் போனதைவிட, இன்னொரு வீட்டில் அதே மாதிரிச் சொம்பில் குழந்தைக்கு ரசம் சாதம் பிசைகிறார்களே என்பதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. ஈயம் என்ற ஒரே சொல் வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் பொதுவாக வழங்குகிறது. குழப்பம் அங்கேதான். காரீயம் நஞ்சு. இந்த அளவு வரை பாதகமில்லை என்று ஓர் எல்லையே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புளியும் தக்காளியும் அதைக் கரைத்து இழுக்கும். ஆகவே சந்தேகம் இருந்தால் தயங்காமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். தாளும் தண்ணீரும் முதல் எச்சரிக்கைக்கு மட்டும்தான்.

கும்பகோணத்துக் கடைக்காரர் நான் கேட்காமலே விளிம்பை லேசாக அழுத்தி என் காதருகே பிடித்தார். "கேளுங்கள் அம்மா, கத்துகிறது பாருங்கள்." நறநறவென்று ஒரு மெல்லிய சத்தம். வெள்ளீயத்தை வளைக்கும்போது உள்ளே படிகங்கள் நெரியும் ஓசை அது. பாடத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், காதால் கேட்டது அன்றுதான். வீட்டில் அமிழ்த்திப் பார்த்ததில் 85 மில்லி வழிந்தது, அடர்த்தி 7.3. பரிசோதனைக் கூடமும் 99 சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம் என்றது. உடம்பு முழுக்கச் சுத்தியல் தடம். இரண்டு தடங்கள் ஒன்றுபோல இல்லை.

ருசிக்கு வருகிறேன். ஒரே புளிக்கரைசல், ஒரே பொடி. பாதியைச் சொம்பிலும் பாதியை எவர்சில்வரிலும் வைத்து, எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் வீட்டில் மூன்று பேருக்குக் கொடுத்தேன். மூவரும் சொம்பு ரசத்தையே எடுத்தார்கள். புளிப்பின் கூர் மழுங்கி, மிளகின் மணம் முன்னால் வந்திருந்தது. வெள்ளீயம் எவர்சில்வரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். அதனால் அடியில் மட்டும் கொதிக்காமல் சுற்றிலும் ஒரே சீராகச் சூடேறி, நுரை வளையம் அழகாகக் கூடுகிறது. மிச்சப் பங்கு, அடுப்பை விட்டு நகராமல் நான் நிற்பதற்கு உரியது என்று நினைக்கிறேன். பருப்பு ரசத்துக்கும் எலுமிச்சை ரசத்துக்கும் சொம்பு மிகப் பொருத்தம். கொள்ளு ரசம் நன்றாகக் கொதிக்க வேண்டும். அதற்கு நான் இதை எடுப்பதில்லை.

கொடியடுப்பு இன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை. நான்கு பர்னர் அடுப்பில் மிகச் சின்ன பர்னர்தான் அதற்கு மாற்று. அதையும் குறைத்தே எரியவிடுகிறேன். முதலில் தண்ணீர், பிறகுதான் தீ. முக்கால் சொம்புக்குக் குறையாமல் நிரம்பியிருக்க வேண்டும், ஏனென்றால் ரசம் எட்டாத பக்கச்சுவரில் தீநாக்கு ஏறினால் அந்த இடம் இளகிவிடும். தாளிப்பை அதற்குள் செய்யவே கூடாது. காய்ந்த நெய்யின் சூடு 200 டிகிரியையும் தாண்டும். ரசத்தை இரவு அதிலேயே விட்டுவைப்பதும் இல்லை, இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுகிறேன். தேய்க்கக் கம்பி நார் வேண்டாம்; சொம்பு மென்மையானது, கீறிவிடும். புளிச்சக்கையும் சீயக்காய்த் தூளும் போதும். பளபளப்பு ஒரு மாதத்தில் மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. ரசத்துக்கு அதனால் குறை ஒன்றுமில்லை. கீழே போட்டால் மட்டும் கட்டாயம் நசுங்கும். இரண்டாவது வாரமே எனக்கு ஒரு நசுங்கல் விழுந்துவிட்டது.

சென்ற வாரம் சென்னையிலிருந்து வந்த மகள் இரண்டு டம்ளர் ரசத்தைக் குடித்துவிட்டு, "அம்மா, எனக்கும் ஒன்று வாங்கிக்கொடு" என்றாள். அவள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான். அதில் வெள்ளீயம் சூடாகாது. முதலில் ஒரு பர்னர் கேஸ் அடுப்பு வாங்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வை, வைத்தால் அங்கேயே நில் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் கும்பகோணம் போகும்போது முக்கால் லிட்டர் அளவில் ஒன்று எடுக்க வேண்டும்.