எல்லைக்கோட்டை யார் வரைவது? பாலியல் அடிமைத்தனத்திலிருந்து மீள மூன்று தொடக்க வழிகள்

குடியை நிறுத்துகிறவருக்கு எது மீறல் என்பதில் குழப்பமில்லை. ஒரு மிடறு உள்ளே போனாலே மீறல்தான். பாலியல் அடிமைத்தனத்திலிருந்து, அதாவது தம் பாலியல் பழக்கங்களைத் தாமே கட்டுப்படுத்த முடியாத நிலையிலிருந்து, மீளத் தொடங்குகிறவருக்கு இந்தத் தெளிவு கிடைப்பதில்லை, ஏனெனில் காமத்தையே வாழ்நாள் முழுவதும் துறப்பது பெரும்பாலோரின் நோக்கம் அன்று. இன்று ஒருவர் முன்னுள்ள வழிகள் மூன்று: பன்னிரண்டு படிகளைப் பின்பற்றி உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவி மீளும் பன்னிரு படிக் குழுக்கள், உளவியல் சிகிச்சை, யாரிடமும் சொல்லாமல் தாமே நாள் எண்ணி விலகியிருத்தல். எந்த வழியில் எல்லைக்கோட்டை வரைபவர் யார் என்று கேட்டால் இவற்றின் வேறுபாடு தெளிவாகிறது.

பன்னிரு படிக் குழுக்கள் 1935-இல் அமெரிக்காவில் குடிநோயாளிகளுக்காகப் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் வழிவந்தவை என்றாலும், அவை ஒரே குரலில் பேசுவதில்லை. செக்ஸஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவில் கோடு எல்லோருக்கும் முன்பே வரையப்பட்டிருக்கிறது: சுயஇன்பம் கூடாது, வாழ்க்கைத்துணை தவிர வேறு யாருடனும் உறவு கூடாது, துணை என்பதும் ஆண்-பெண் திருமணத்தையே குறிக்கும். மணமாகாதவருக்கு இது முழுத் துறவு; தன்பாலின ஈர்ப்பு உள்ளவருக்கு என்றைக்கும் திறக்காத கதவு. மாறாக, 1977-இல் மினியாபொலிஸ் நகரில் தொடங்கிய செக்ஸ் அடிக்ட்ஸ் அனானிமஸ் குழுவில் ஒவ்வொருவரும் மூன்று வட்டங்கள் வரைகிறார்: அறவே விட வேண்டியவை உள்வட்டத்தில், வழுக்கும் இடங்கள் நடுவட்டத்தில், நலம் தருபவை வெளிவட்டத்தில். தொடங்குகிறவருக்கு இந்த நடுவட்டம் மிகப் பயனுள்ளது என்பேன். நள்ளிரவில் படுக்கையில் கைப்பேசியோடு கிடப்பது, சண்டைக்குப் பின் தனியே வண்டி எடுத்துச் சுற்றுவது போன்றவை குற்றமல்ல; ஆனால் சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தமக்குத் தாமே சலுகை கொடுக்கும் ஆபத்து இம்முறையில் உண்டு என்பதால்தான், ஸ்பான்சர் எனப்படும், வழிகாட்டும் அனுபவமுள்ள மூத்த உறுப்பினர் ஒருவரோடு கலந்து வட்டங்களை வரையச் சொல்கிறார்கள்.

உளவியல் சிகிச்சை கோட்டைத் தீங்கின் அடிப்படையில் வரைகிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியல், அடிமைத்தனம் என்ற சொல்லைத் தவிர்த்து, கட்டாய பாலியல் நடத்தைக் கோளாறு என இதை உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளுள் வைத்திருக்கிறது. ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் கட்டுப்பாடு இழந்து, வேலை, உறவு, உடல்நலம் போன்றவை கெடும் நிலை இருக்க வேண்டும். செய்தது பாவம் என்ற மனவுளைச்சல் மட்டுமே இருந்தால் இந்தக் கோளாறு என்று சொல்ல முடியாது. நம் ஊரில் இந்த வேறுபாட்டுக்குத் தனி எடை உண்டு: விந்து வெளியேறுவதே உடலை அழிக்கும் என்று சுவரொட்டி வைத்தியம் தலைமுறைகளாகப் பயமுறுத்தியிருக்கிறது, அந்தப் பயத்தை நோய் என்று நம்பி வருகிறவருக்குத் தேவை விளக்கமே தவிர மீட்சித் திட்டம் அன்று. வேறு சில காரணங்களும் மருத்துவரின் கண்ணுக்கே படும். இருமுனைக் கோளாற்றின் எழுச்சி நிலையும், பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில டோபமின் மருந்துகளும் இதே நடத்தையைக் கிளப்பிவிடக்கூடியவை. குழுவில் எத்தனை கூட்டத்துக்குப் போனாலும் இவை வெளிப்படமாட்டா.

சான்று என்ற அளவிலும் சிகிச்சையின் கை ஓங்கியிருக்கிறது. சுவீடனில் 137 ஆண்களிடம் நடந்த ஆய்வில், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை ஏழு வாரம் குழுவாகப் பெற்றவர்களிடம் அறிகுறிகள் சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களைவிடக் குறைந்தன. மருந்துகளைப் பொறுத்தவரை நால்ட்ரெக்சோன், பராக்செட்டின் ஆகியவை சோதிக்கப்பட்டிருந்தாலும், அவ்வாய்வுகள் சிறியவை.

மூன்றாவது வழியைத்தான் இளைஞர்கள் முதலில் எடுக்கிறார்கள், ஏனெனில் அதற்குச் செலவில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இங்கே கோட்டை வரைவது பெரும்பாலும் வெட்கம். அது வரையும் கோடு தேவையைவிட எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். இப்படி நாள் எண்ணுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் 90 நாள் என்ற இலக்கு சவாலுக்கு வசதியான எண்ணே தவிர, மூளை குணமடையும் மருத்துவக் கெடு அன்று. எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும்போது என்ன நேர்கிறது என்பதை உளவியலாளர் ஆலன் மார்லட் குடிநோயாளிகளை ஆராய்ந்து விளக்கியிருக்கிறார்: ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாகக் கருதுகிறவர், விரதம்தான் முறிந்துவிட்டதே என்று இன்னும் ஆழமாக மூழ்குகிறார். எழும் உந்துதலை அடக்கவும் இணங்கவும் செய்யாமல், அலை உயர்ந்து தணிவதைப் போலக் கவனித்திருக்கும் பயிற்சியை முன்வைத்தவரும் அவரே. அதைத் தனியே கற்கலாம்தான். கற்றுத்தர ஒருவர் இருந்தால் எளிது.

ரகசியம் குறித்த அச்சமே பலரை மூன்றாவது வழியில் தள்ளுகிறது. குழுவில் பெயர் மறைப்பது மரபு சார்ந்த நம்பிக்கை மட்டுமே. மனநல மருத்துவரிடமோ 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. ஆனாலும் குழுவுக்கு ஈடில்லாத ஒன்று உண்டு: இரவு பதினொன்றரை மணிக்கு உந்துதல் எழும்போது மருத்துவரின் அறை பூட்டியிருக்கும், சக உறுப்பினர் போனை எடுப்பார். ஆகவே முதலில் மதிப்பீட்டுக்கு மருத்துவரிடம் சென்று, அதன்பின் வட்டங்களை வரையவிடும் குழு ஒன்றில் சேர்வதையே நான் பரிந்துரைப்பேன். மருத்துவரைத் தேடத் தயங்குகிறவர் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தொடங்கிய உற்சாகத்தில் ஒரே இரவில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில் அவசரம் கூடாது என்பதில் குழுக்களும் சிகிச்சையாளர்களும் பெரிதும் ஒத்துப்போகிறார்கள். பன்னிரண்டு படிகளில், இழைத்த தீங்கை நேரில் ஈடுசெய்யச் சொல்லும் படி ஒன்பதாவதாகவே வருகிறது. அதுவும் பாதிக்கப்பட்டவர்களையோ பிறரையோ மேலும் காயப்படுத்தாத இடத்தில் மட்டுமே. பாதுகாப்பற்ற உறவு நேர்ந்திருந்தால் மட்டும் அந்தப் பொறுமை பொருந்தாது: எச்ஐவி உள்ளிட்ட பால்வினை நோய்ப் பரிசோதனையை உடனே செய்துகொண்டு, துணைக்கும் தொற்று அபாயம் உண்டென்பதை ஆலோசகரின் துணையோடு தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.