விறகுப்புகை நுரையீரலுக்கு ஒரு டாக்டர்: மதுரை கிளினிக் அனுபவம்

அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு முட்டும் நாள்பட்ட நுரையீரல் நோய். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, எல்லாம் இட்லிக் கடை விறகடுப்புப் புகைதான். இப்போது மதுரையில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் காட்டுகிறோம்.

முதலில் டாக்டர். பழைய ஃபைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்க்கிறார். லேப் ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணு 8,200, அதில் ஈசினோபில் என்ற வகை 1 சதவீதம் என்று இருந்தது. அதன் ஓரத்திலேயே பேனாவால் பெருக்கி 82 என்று எழுதி வட்டம் போட்டார். "இந்த ரத்தம் எடுத்தப்ப ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். மாத்திரை போட்டிருந்தால் இந்த எண் குறைத்துக் காட்டுமாம். அம்மா இல்லை என்றதும்தான் மேலே பேசினார்.

வியாதிக்குப் பெயர் ஒன்றுதான், ஆனால் மூச்சுக்குழாயில் அழற்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லையாம். நிறையப் பேருக்கு நியூட்ரோஃபில் அணுக்கள், சிலருக்கு ஈசினோபில். ரத்தத்தில் ஈசினோபில் 300க்கு மேல் இருந்தால் உறிஞ்சும் ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். 100க்குக் கீழே என்றால் பலன் சொற்பம், நிமோனியா பயம் வேறு. நடுவில் இருப்பவர்களுக்கு, எத்தனை தடவை மூச்சுத்திணறல் முற்றியது என்று பார்த்து முடிவெடுப்பார்களாம். வயிற்றில் பூச்சித் தொல்லை, அலர்ஜி இருந்தாலும் எண் ஏறும் என்பதால் அதையும் விசாரித்தார்.

அம்மாவுக்குப் போன மழைக்காலத்தில் நிமோனியா வந்திருந்தது. அதுவரை உறிஞ்சிவந்த, ஸ்டீராய்டு கலந்த கேப்சூலை நிறுத்தி, மூச்சுக்குழாயை விரிக்கும் டியோட்ரோபியமும் ஃபார்மோடெராலும் சேர்ந்ததைக் கொடுத்தார். இழைப்பு அதிகமானால் உடனே வரச் சொல்லியிருக்கிறார். இதுவரை தேவைப்படவில்லை. ஸ்டீராய்டு உறிஞ்சியதால் நாக்கில் வெள்ளை படிந்துகொண்டிருந்ததும் நின்றுவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை நிறுத்த வேண்டாம், 300க்கு மேல் உள்ளவர்கள் நிறுத்தினால் திணறல் கூடிவிடுமாம்.

ஊதும் டெஸ்ட் எடுக்கும் பெண்ணுக்குத் தனியாக ஒரு ஸ்டார் தரலாம். மூக்கில் கிளிப்பை மாட்டி, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க பாட்டி" என்று அம்மாவைவிட அதிகமாக மூச்சு வாங்கினார்.

சரி, குறைக்கு வருவோம். மூச்சு முட்டுகிறவர்கள் வருகிற இடம், ஆனால் இருப்பது இரண்டாம் மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அப்பாயின்ட்மென்ட் நேரம் பேருக்குத்தான். போவதற்கு முன் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று போனில் கேட்டுவிடுங்கள், பழைய ரத்த ரிப்போர்ட்டுகளையும் விடாமல் எடுத்துப் போங்கள்.