ஃபைட்டர் குஞ்சுகளுக்கு முதல் தீனி: எது தேறும், எது தேறாது?

ஜோடி சேர்ந்து நுரைக்கூட்டில் முட்டை வந்துவிட்டால் ஃபைட்டர் மீன் வளர்ப்பில் சுலபமான பாதி முடிந்தது. குஞ்சுகள் கொத்தாகச் சாவது அதற்கப்புறம்தான், நீந்தத் தொடங்கிய முதல் பத்து நாளில். பெரும்பாலும் வாய்க்கு அடங்கும் இரை இல்லாமல் சாகும். இல்லையென்றால் மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீர் கெட்டுச் சாகும்.

27–28 டிகிரி செல்சியஸில் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் நுரைக்கு அடியில் வால் கீழே தொங்க நிற்கும். அதுவரை வயிற்றிலுள்ள மஞ்சள்கருவே போதும், எதையும் போடக் கூடாது. படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்ததும் ஆண் மீனை எடுத்துவிட்டுத் தீனி தொடங்கலாம். அந்த நாளில் தீனி கையில் இருக்க வேண்டும். வினிகர் புழு பெருக 3–4 வாரம், இன்ஃபுசோரியாவுக்கு (கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணுயிர்கள்) ஒரு வாரம், மைக்ரோ வார்முக்கு 4–5 நாள், ஆர்ட்டீமியாவுக்கு (உப்புநீரில் முட்டை பொரிக்கவைத்து எடுக்கும் பொடி இறால்) ஒரு நாள். கணக்குப் போட்டுவிட்டே ஜோடியை விடுங்கள்.

அவித்த முட்டையின் மஞ்சள்கருவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது அசையாது, ஃபைட்டர் குஞ்சு அசைவதைத்தான் கொத்தும். கரைந்த மிச்சம் சில மணி நேரத்தில் அம்மோனியாவை ஏற்றிவிடும்.

இன்ஃபுசோரியா எல்லாவற்றையும்விடச் சிறியது, மிகச் சிறிய குஞ்சும் விழுங்கும். பழைய தொட்டித் தண்ணீரில் ஒரு துண்டு முட்டைக்கோஸ் இலை போட்டு வைத்தால் முதலில் பால்போல் கலங்கி நாறும். அது பாக்டீரியா, அப்போதே ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. கலங்கல் தெளிந்து, கண்ணாடி டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெண்பொடி தானாக நகர்வது தெரியும். அப்போது எடுங்கள். ஆனால் சத்து குறைவு, மூன்று நாலு நாளுக்கு மேல் இதை நம்ப முடியாது.

வினிகர் புழுவா, மைக்ரோ வார்மா? இரண்டும் நூல்போல மெல்லிய புழுக்கள்தான். வித்தியாசம் தொட்டியில் தெரியும். மைக்ரோ வார்ம் அடியில் போய் விழுந்து, ஒரு நாளுக்குள் செத்து அழுகும். வினிகர் புழு நாள்கணக்கில் உயிரோடு, குஞ்சுகள் இரை தேடும் மேல்மட்டத்திலேயே நெளியும். அதனால் எங்கள் ஓட்டு வினிகர் புழுவுக்கு. ஆப்பிள் சைடர் வினிகரும் தண்ணீரும் சமபங்கு, ஒரு துண்டு ஆப்பிள், கொஞ்சம் தாய்ப்புழு (பெருக்குவதற்காக விடும் முதல் புழுக்கள்), வளர்ப்புக்கு அவ்வளவே. எடுக்கும்போது வினிகரோடு ஊற்றினால் தொட்டித் தண்ணீரின் பிஎச் சரிந்து அமிலத்தன்மை ஏறிவிடும். நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் கழுத்தடி வரை புழுநீரை நிரப்பி, பஞ்சை அடைத்து, மேலே நல்ல தண்ணீர் விடுங்கள். மறுநாள் புழுக்கள் பஞ்சைத் தாண்டி மேலே வந்திருக்கும், பில்லரில் உறிஞ்சிக்கொள்ளலாம். மைக்ரோ வார்முக்கு உள்ள ஒரே சாதகம் வேகம்: ஓட்ஸ் கூழில் ஒரு சிட்டிகை ஈஸ்டும் கொஞ்சம் தாய்ப்புழுவும் போட்டால் டப்பாச் சுவரில் ஏறிவிடும், விரலால் வழித்துப் போடலாம். இதை மட்டுமே கொடுத்தால் அடித்துடுப்பு வளராத குஞ்சுகள் வருவதாக வளர்ப்பவர்கள் பலர் சொல்வார்கள். அடியில் சேரும் அழுகலைத் தினமும் உறிஞ்சி எடுப்பது கட்டாயம்.

குஞ்சைத் தேற்றுவது ஆர்ட்டீமியாதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு 25 கிராம், 26–28 டிகிரி, குமிழ் நன்றாகக் கொதிக்கும் அளவு காற்று, மேலே விளக்கு. இதில் போட்ட ஆர்ட்டீமியா முட்டை 24 மணி நேரத்தில் பெரும்பாலும் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும். ஓரத்தில் டார்ச் அடித்தால் ஆரஞ்சு நிறக் கூட்டம் அங்கே திரளும். அதை மட்டும் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓட்டை விழுங்கிய குஞ்சுக்குக் குடல் அடைக்கலாம். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுச் சத்தும் கிடைக்கும். நன்னீரில் இதுவும் சில மணி நேரமே தாங்கும் என்பதால் கொஞ்சமாக, நாளுக்கு 2–3 வேளை போடுங்கள்.

சிக்கல் அளவில்தான்: பொரிந்த ஆர்ட்டீமியா அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் நாளே பெரிய குஞ்சுகள் பிடித்துவிடும், சின்னவை துரத்திவிட்டுத் தோற்கும். தீனி போட்ட அரைமணி கழித்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தின்றவற்றின் வயிறு ஆரஞ்சுப் புள்ளியாக மின்னும்; ஒட்டிய வயிறு பல தெரிந்தால், ஆர்ட்டீமியாவோடு வினிகர் புழுவையும் அவை தேறும்வரை தொடருங்கள்.