ஒரு வீட்டுக் கிரகமெல்லாம் ஒரே எடையா, இல்ல நம்மட வலைக்கண்தான் அப்பிடியா?

நேத்து பின்னேரம் கல்லடிப் பாலத்துல நிண்டு வாவியில வலை இழுக்கிறதப் பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள மச்சான் கேட்டான், மற்ற நட்சத்திரங்களச் சுத்துற கிரகங்கள் ஒரு வீட்டுக்குள்ள, அதாவது ஒரே நட்சத்திரத்தச் சுத்துறதுகளுக்குள்ள, கிட்டத்தட்ட ஒரே எடை எண்டுறாங்களே, மெய்தானா எண்டு.

நம்மட வீட்டப் பாத்தா நம்ப ஏலாது. வியாழன் பூமியப் போல 318 மடங்கு, புதன் பூமியில 18ல ஒரு பங்கு. ஆனா 2017ல மில்ஹோலண்ட் எண்ட வானியல் ஆராய்ச்சியாளர்ட ஆக்கள் கெப்ளர் விண்வெளி டெலஸ்கோப் டேட்டாவுல எடையப் பாத்தாங்க. கிரகம் முன்னால வரக்குள்ள நட்சத்திரத்துட வெளிச்சம் ஒள்ளம் மங்கும், கெப்ளர் கிரகத்தப் பிடிக்கிறது அதாலதான். கிரகங்கள் ஒண்டையொண்டு இழுக்கிறதால நட்சத்திரத்துக்கு முன்னால வாற நேரம் ஒள்ளம் முந்தும் பிந்தும், அதுல இருந்துதான் எடை கணக்கு. எல்லாக் கிரகத்தையும் கலக்கி வீடு மாத்திப் போட்டா வராத ஒத்துமை, சொந்த வீட்டுக்குள்ள வந்துது. 2018ல வைஸ் எண்ட இன்னொரு ஆராய்ச்சியாளர்ட ஆக்கள் 909 கிரகத்துட சைஸப் பாத்தும் இதத்தான் சொன்னாங்க.

மறுகா 2020ல வெய் ஜு எண்ட ஆராய்ச்சியாளர் மறுத்தார், எனக்கு அவர்ட கேள்வி சரியாப் பிடிச்சுது. வலைக்கண் பெருசெண்டா சின்ன இரால் நழுவிடும், அம்பிட்டதெல்லாம் ஒரே சைஸாத்தான் தெரியும். அதுபோல பெரிய நட்சத்திரம், வெளிச்சம் ஆடுற நட்சத்திரம் எண்டா சின்னக் கிரகம் கண்ணுல படாது, அப்ப ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒவ்வொரு வலைக்கண், அதக் கணக்கெடுக்காம கலக்கினா பிழைதானே. அதே வருஷம் வைஸும் பெட்டிகுராவும் வலைக்கண்ணையும் சேத்துப் பாத்துட்டு ஒத்துமை மெய்தான் எண்டாங்க.

நான் மெய் எண்ட பக்கம்தான், ஆனா "ஒரே எடை" எண்டு சொல்லுறதக் கவனமாச் சொல்லணும் கா. டிராப்பிஸ்ட்-1 எண்ட நட்சத்திரத்துல ஏழு கிரகம், சைஸுல பெருசுக்கும் சின்னதுக்கும் ஒண்டரை மடங்குதான் வித்தியாசம், எடையில நாலு மடங்குக்கும் மேல. கெப்ளர்-36 எண்ட நட்சத்திரத்துல தலைகீழ், பக்கத்துப் பக்கத்து ரெண்டு கிரகம், ஒண்டு மற்றதப் போல ரெண்டரை மடங்கு அகலம், எடையோ ரெண்டு மடங்கும் இல்ல, பெருசுல வாயு ஊதிக் கிடக்கு. அப்ப சைஸ வச்சு எடையச் சொல்ல ஏலாது, எடைய வச்சு சைஸையும் சொல்ல ஏலாது. எண்டாலும் புதனுக்கும் வியாழனுக்கும் இடையில 5,700 மடங்குக்கு மேல இருக்கிற நம்மட வீட்டோட பாத்தா நாலு மடங்கெல்லாம் ஒத்துமைதான்.

ஒண்டு மட்டும் மச்சானுக்கு அழுத்திச் சொன்னன். டிராப்பிஸ்ட்-1ட கடைசிக் கிரகமே 19 நாளுல சுத்தி முடிச்சிரும், நம்மட புதனுக்கே 88 நாள் வேணும். கெப்ளர் அந்த ஒரே வானத் துண்டப் பாத்தது நாலு வருஷம், வியாழன் ஒருக்காச் சுத்த 12 வருஷம். அந்த வீடுகள்ட முத்தத்துல ஒரு வியாழன் நிண்டாலும் அனேகமா இந்த வலையில பட்டிராது.